பின்னால் கேட்ட காலடி

இன்று காலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் மழையில் நனைந்த கம்பளிச் சுவெட்டர் போட்டிருந்தார். ஈரக் கம்பளியின் அந்த ஆட்டு மணம் மூக்கில் ஏறியதும் நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டுவிட்டேன். இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த அன்று நீங்கள் முதுகுப்பையைத் திறந்தபோது, கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் சின்ன அப்பார்ட்மென்ட் முழுக்க இதே மணந்தான். எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் நீங்கள் கொழும்பில் நின்றீர்கள். மாமாவின் கண் ஒப்பரேஷனுக்காக லீவு எடுத்து இங்கேயிருந்து போயிருந்தீர்கள். தமிழரைத் தேடித் தேடி அடித்த கூட்டம் ஒழுங்கைக்குள் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் இருவரையும் தங்கள் சீலிங்குக்கு மேலே ஏற்றிவிட்டார். கீழே யாரோ நடந்து நடந்து தேடினார்கள். மாமாவைக் கப்பலில் யாழ்ப்பாணம் ஏற்றிவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் நீங்கள் கனடா வந்து சேர்ந்தீர்கள். ஆனால் அதன் பிறகு உங்களுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கக்கூடாது. சப்வேயில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள். லிப்டுக்குள் யாராவது நின்றால் ஏறமாட்டீர்கள். படியேறி மூச்சு வாங்க வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவீர்கள்.

அப்படிப்பட்டவர்தான் எண்பத்தாறில் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டு அந்தக் கதையை எடுத்தீர்கள். கந்தோரில் உங்களோடு வேலை செய்த ஆங்கிலேயர் ஒருவர் தன் ஊர் நடைபாதைகளைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

“ஆரோ ஒருத்தன்ரை வயலுக்குள்ளாலை போற பாதையாம். ஆனா காணிக்காரனே மறிச்சு, நீ ஆர் எண்டு கேக்கேலாதாம். அது சட்டமாம்.”

“அதுக்கு?”

“நான் அதிலை தனிய நடக்கப்போறன். மேற்குக் கடலிலை துவங்கி கிழக்குக் கடல் மட்டும்.”

“உங்களுக்கென்ன விசரே? இஞ்சை லிப்டிலையே ஏறமாட்டியள். அங்கை ஆளில்லா வெளியிலை என்ன செய்வியள்?”

“இப்பிடியே இருந்தா நான் வீட்டை விட்டு வெளிக்கிடவே மாட்டன். நீர் மறியாதையும்.”

குரல் உயரவில்லை. ஆனால் பிசைந்த சோற்றில் ஒரு பிடிகூட நீங்கள் வாயில் வைக்கவில்லை. அதனால்தான் மறிக்கவில்லை.

தூரதேசத்துக்குக் கதைப்பது அப்போது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். அங்கே பின்னேரம், இங்கே மத்தியானமாக இருக்கும்போது, வழியில் வரும் ஏதாவது ஊரிலிருந்து கலெக்ட் கோல் எடுப்பீர்கள். ஒப்பரேட்டர் உங்கள் பெயரைச் சொல்லி, செலவை நான் ஏற்கிறேனா என்று கேட்பாள். நான் “நோ” என்பேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். கட்டின புருஷனை நாள் தவறாமல் வேண்டாம் என்று சொன்ன பெண் நானாகத்தான் இருப்பேன்.

பேக்கரியில் காலை வேலை முடித்து ஓடிவந்து போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். மணி அடிக்கும், “நோ” சொல்வேன், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வைப்பேன்.

ஒருநாள் மணி அடிக்கவில்லை.

முதலில் பிந்துகிறது என்று நினைத்தேன். பிறகு குழாயைத் திறக்கவும் பயமாயிருந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடும் என்று. லைன் வேலை செய்கிறதா என்று ரிசீவரைத் தூக்கினேன். தூக்கிய அந்த நொடியில் நீங்கள் எடுத்திருந்தால் என்று உடனே வைத்தேன். யாருக்குச் சொல்வது? நீங்கள் நின்ற ஊரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே பொலிஸுக்கு எடுத்து, ஒரு மனிதர் நடந்துகொண்டிருக்கிறார் என்றா சொல்வது? கண்ணை மூடினால் ஒரு பெரிய வெளி, அதன் நடுவில் நீங்கள், சுற்றிவரத் தடிகளோடு ஆட்கள். அந்த ஆட்கள் ஆடி மாதத்து ஆட்கள். அவர்களை உங்களுக்குப் பின்னால் இங்கிலாந்துக்கு அனுப்பியது என் பயந்தான். பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தேன்.

மறுநாள் விடியும் நேரம் மணி அடித்தது. ஒப்பரேட்டர் கேட்டு முடிக்கமுதல் “யெஸ், யெஸ்” என்று கத்தினேன்.

“என்னப்பா, நோ எல்லோ சொல்லோணும்?” என்றீர்கள்.

நடந்தது இதுதான். யோர்க்ஷயர் மேட்டுநிலத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அப்போது பின்னால் காலடி. நீங்கள் நின்றால் அதுவும் நின்றது, விரைந்தால் அதுவும் விரைந்தது. நீங்கள் பாதையை விட்டு ஓடினீர்கள். சேற்றில் முழங்கால்வரை புதைந்து, கையூன்றி எழும்பி, ஒரு கல்மதிலுக்குப் பின்னால் சுருண்டு படுத்து வாயைப் பொத்திக்கொண்டீர்கள். சீலிங்குக்கு மேலே கிடந்ததைப் போல.

பிறகு ஒரு குரல். வயதான பெண்ணின் குரல். யாராவது நிற்கிறீர்களா, தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்று அழுதழுது கூப்பிட்டது.

“எனக்கு வாய் திறக்கேலாமப் போச்சு,” என்றீர்கள். “மனுசி திருப்பித் திருப்பிக் கூப்பிடுறா. குரல் தூரப் போகுது. சேத்துப் பக்கமாப் போறா எண்டு எனக்குத் தெரியுது. கடைசியிலை கத்திப்போட்டன். என்ன கத்தினனான் தெரியுமே? ‘ஓம், இஞ்சை நிக்கிறன்!’ தமிழிலை.”

அவவும் தனியே நடக்க வந்தவ. பனியில் வழி தெரியாமல், உங்கள் செம்மஞ்சள் மழைக்கோட்டைக் கண்டு, அது மறைந்த பிறகு உங்கள் காலடிச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறா. இருவரும் கையைப் பிடித்தபடி மதிலைத் தடவித் தடவி இறங்கி ஒரு பண்ணை வீட்டை அடைந்தீர்கள். அங்கே போன் இல்லை.

“காணும். திரும்பி வாங்கோ,” என்று நான் அழுதேன்.

“இன்னும் கொஞ்சத் தூரந்தான் கிடக்கு. முடிச்சிட்டு வாறன்.” பிறகு மெதுவாக, “எனக்குப் பின்னாலை வந்த மனுசி என்னைவிடப் பயந்து வந்திருக்கிறா. எனக்கு அது விளங்கேல்லை, பாரும்,” என்றீர்கள்.

கிழக்குக் கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் வந்தீர்கள். பயம் முழுதாகப் போனது என்று நான் சொல்லமாட்டேன். ஆடி மாதத்தில் வாசல் லைட்டை அணைக்க நீங்கள் கடைசிவரை விடவில்லை. ஆனால் லிப்டில் ஏறினீர்கள். இன்னொரு பழக்கமும் வந்தது. தெருவில் உங்களுக்கு முன்னால் யாராவது தனியே போனால் தொண்டையைச் செருமுவீர்கள், இல்லாவிட்டால் “குட் ஈவ்னிங்” என்று கூப்பிட்டுச் சொல்வீர்கள். எனக்கு வெட்கமாயிருக்கும். “தெரியாத சனத்தோடை என்ன கதை?” என்பேன். “பின்னாலை வாறது ஆரெண்டு அதுகளுக்குத் தெரியட்டும்,” என்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது. இப்போது இருட்டினால் வெளியே போக எனக்குத்தான் பயம். போன கிழமை கடையால் வரும்போது நேரம் பிந்திவிட்டது. எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் தனியே போனாள். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள், நடையைக் கூட்டினாள். மூடிய கோட்டும் தொப்பியுமாக வந்த என்னை அவளால் மட்டுக்கட்ட முடியவில்லை. நான் தொண்டையைச் செருமி, “சரியான குளிர், என்ன பிள்ளை?” என்றேன், அவளுக்கு விளங்காத தமிழில்.

அவள் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கிட்டப் போகும்வரை காத்துநின்று, பிறகு என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, எங்கள் கட்டிட வாசல்வரை என்னோடு வந்தாள்.