எதிர்வீடு போய்வந்த மதர்போர்டு

இதை நின்றுகொண்டே படியுங்கள். கட்டிலில் உட்கார இடமில்லை. சாயங்காலம் உங்கள் அம்மா வருகிறார். அவரைப் பழைய மதர்போர்டின் மேலா படுக்க வைப்பீர்கள்?

கம்ப்யூட்டரைப் புதுசாக்கியதில் மிஞ்சிய பாகங்களைப் பரணில் போட்டேன் என்று சொன்னதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். உண்மையில் பெட்டியோடு எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாது. பெட்டி காலில் இடறவே, நேற்று மாடிப்படியில் கண்ட உங்களிடமே தள்ளிவிட்டார்.

நீங்களும், "சும்மா குடுத்தாரும்மா. இந்த மாதிரி சரக்கு இப்பல்லாம் கிடைக்குமா?" என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக் கட்டிலில் பரப்பினீர்கள். அத்தனையும் நீங்கள் கழற்றிப் போட்டதுதான்.

காலையில் அக்கா என்னைக் கதவருகிலேயே பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டியாடி?"

"இல்லக்கா. சண்டைக்கப்புறம் நேத்துதான் சிரிச்சாரு. அதைக் கெடுப்பானேன்?"

உங்கள் அம்மா வருவதால்தான் இப்போது சொல்கிறேன். மத்தியானம் பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுப்பவர் வருவார். எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிட்டுக் கட்டில் விரிப்பை மாற்றுங்கள். சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது. வெளியே போனால் சாவியை அக்காவிடம் கொடுங்கள். ஏதாவது கேட்பார், பதில் சொல்லி மெனக்கெட வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும்.

பி.கு: ஹார்ட் டிஸ்க்கைத் தேடாதீர்கள். நம் கல்யாணப் படங்கள் அதில் இருப்பதால் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன். அது குறைவதை நீங்கள் கவனிக்கவே இல்லை.

இன்னொன்று: நானும் ஒருநாள் எதிர்வீட்டில் இருந்துவிட்டு வரலாமென்று பார்க்கிறேன். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்தும் அப்படிச் சிரிக்கிறீர்களா என்று தெரிய வேண்டும்.