இன்னொரு குரூப்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் கூட்டத்தில் என்னைப் "புது மேடம்" என்றுதான் கூப்பிட்டார்கள். சேவைச் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ரத்ததான முகாமில் கட்டில் தூக்கியிருக்கிறேன், கால்வாய் ஓரம் குப்பை அள்ளியிருக்கிறேன். இன்னும் எத்தனை மூட்டை அள்ளினால் பழசாவேன்?

மகளிடம் புலம்பினால், "நீதானேம்மா போய்ச் சேர்ந்த" என்கிறாள். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதைத் தவிர நான் யாரிடம் என்ன பேசுகிறேன்? அதற்காகத்தான் சேர்ந்தேன்.

மார்ச் 11

தலைவரிடம் சொல்லியே விட்டேன். புதிதாக வருகிறவர்கள் சுவரைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டுப் போகிறார்கள், மறுபடி வருவதில்லை என்று. "நல்ல விஷயம். வரவேற்புப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 18

ஒரு வெல்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்தேன். செயலாளர் பழைய சுற்றுலாக் கதையை ஆரம்பித்தார். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், அதனால் எனக்கு அவர் "மைக்". பழையவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எதுக்குக்கா சிரிக்கிறாங்க?" என்றார் வெல்டர்.

எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 25

யாரும் வரவில்லை. நிம்மதி.

ஏப்ரல் 3, வியாழன்

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

தனியாக இருக்கும் ரிட்டயர்டு டீச்சரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது எங்கள் சங்கத்தின் வேலை. இன்று மைக்கின் முறை. வேலையில் இருந்தபோது டீச்சரிடமிருந்து போன். "ஒண்ணும் அவசரமில்லம்மா. வண்டி வருமா வராதான்னு மட்டும் கேட்டுச் சொல்றியா?" காலையிலிருந்து பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

மைக் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். "என்னால முடியாதுன்னு குரூப்ல போட்டுட்டேனே. யாராச்சும் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

எந்தக் குரூப்? என் போனில் இருக்கும் சங்கக் குரூப்பில் ஒன்றுமில்லை.

எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை. விட்டுவிட்டு நகர முடியாது. வெல்டரைக் கூப்பிட்டேன். "எந்தத் தெருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். மனைவியையும் ஏற்றிக்கொண்டு கம்பி ஏற்றும் வண்டியிலேயே போய்விட்டார். அதற்குள் டீச்சரின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம்தான் கிடைத்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கி — அதுவரை வெல்டர் மனைவி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஏப்ரல் 4

விசாரித்துவிட்டேன். பழையவர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பெயர் "நம்ம குடும்பம்". அப்ப நாங்கல்லாம் யாரு? வாடகைக்கு வந்தவங்களா?

ஏப்ரல் 8

கூட்டத்தில் கேட்டேன். "அது சும்மா அரட்டைக்கும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மைக்.

"அரட்டையில டீச்சரோட உயிரை எதுக்கு சார் போட்டீங்க?"

தலைவர்தான், "புது ஆளுங்களை நம்பி எப்படிம்மா…" என்று இழுத்தார். டீச்சரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர் எதிரிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மைக் வீட்டுக்கு வந்தார். மகள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டீச்சரைப் பார்த்துவிட்டு வருகிறாராம். "ஒரு வார்த்தை திட்டலம்மா. 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டாங்க. திட்டியிருந்தா தேவலை."

வண்டி முறையை இனி எல்லாரும் இருக்கிற குரூப்பில் போடலாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுபடியும் என் தலையில். எரிச்சலோடுதான் சரி என்றேன். "நம்ம குடும்பத்தை" கலைத்தார்களா என்று கேட்கவில்லை. கலைக்க மாட்டார்கள்.

மே 20

மைக்குக்கு மறுபடி முறையை மாற்ற வேண்டுமாம். மைத்துனர் வீட்டு விசேஷம். கூட்டத்துக்கு நடுவிலேயே பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படி சார் உங்க முறை வர்ற அன்னிக்கே விசேஷம் வருது?" பழையவர்கள் சிரித்தார்கள். வெல்டர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். வெல்டர் மனைவி எழுந்துபோய் அவளிடம் சொல்வது காதில் விழுந்தது. "உள்ள வாங்க. அதோ, சண்டை போட்டுட்டு இருக்காங்களே, அந்தக்காவைக் கேட்டாத்தான் இங்க எதுவும் நடக்கும்."

"ஒரு நிமிஷம் உக்காரும்மா" என்றேன். "இவரை முடிச்சுட்டு வரேன்."