அக்குளில் பிடித்த கோட்டு

இன்று காலை துபாய் கராமாவில் ஒரு தையற்கடையைக் கடக்கும்போது, ஈரத்துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்ட வாசனை வந்தது. நின்றுவிட்டேன். நீ இறந்த செய்தி மதுரையிலிருந்து வந்து நாற்பது நாளாகிறது. போனில் சொன்ன உன் மச்சான், "நல்ல கைதான். பஹ்ரைன்ல ஒரு கோட்டக் கெடுத்துல்ல பேரத் தொலைச்சாரு" என்றான். அந்தக் கோட்டு ஏன் கெட்டது என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், பஹ்ரைனில், குதைபியாவில் நமக்கு ஒரே ரூம். நீ கீழே கடையில் துணி வெட்டுபவன். நான் எம்.ஏ. படித்துவிட்டுக் கப்பல் ஏஜென்சியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவனை எனக்கு மேலே உட்காரவைத்த மேனேஜரை இன்றுவரை மன்னிக்கவில்லை. உனக்கு அப்படி ஒரு குறையும் கிடையாது. "நான் வெட்டுனது திரும்பி வந்ததில்ல மாப்ளே" என்பாய். அந்தப் பெயர் ஒன்றுதான் உன் சொத்து.

ஜவுளி வியாபாரி என்று சொல்லிக்கொண்டு வந்த அந்த வங்காளியை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பழைய ராணுவச் சட்டையை உன் மேசையில் விரித்தார். கிழக்கு வங்கப் போரில் ஒரு கல்லூரி விடுதியை வதைமுகாமாக நடத்திய மேஜருடையது அது. போர் முடிந்ததும் ஓடிவிட்டான். குதைபியாவிலேயே ஐஸ் கிடங்கு வைத்திருந்த தாடிக்கார சேட்தான் அவன் என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் உறுதியில்லை. தப்பான ஆளைத் தூக்கினால் எல்லாம் பாழ் என்று இந்தியில் மெல்லச் சொன்னார்.

சேட் உன் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. பேரை மாற்றினான், முகத்தை மறைத்தான். ஆனால் நம்மையெல்லாம் போல அளவுச் சட்டையை டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை விருந்துக்கு ஒரு கோட்டு வேண்டுமாம்.

நீ ஒன்றின்மேல் ஒன்றை வைத்து நீவினாய். "வலது தோளு அரை விரல் எறக்கம். பின்கழுத்துல அதே வளைவு. ரெண்டும் ஒரே ஒடம்புதான்." பிறகு ராணுவச் சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தைத் தடவினாய். "இது தேஞ்சு விழல மாப்ளே. யாரோ பிடிச்சு இழுத்துப் பிச்சிருக்காங்க."

நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையசைத்தார். முகாமில் அதைப் பிய்த்த பெண் உயிரோடு இருக்கிறாள், சாட்சி சொல்லக் காத்திருக்கிறாள், அவனைச் சத்தமில்லாமல் பிடித்துக் கொண்டுபோக நாம் உதவ வேண்டும் என்றார்.

"வேணாம்டா," என்றேன். "மாட்டுனா ஜெயிலு. விசா குடுத்த கஃபீல் கைகழுவிருவான்."

"அவன எப்படிக் கடைக்கு வரவைக்கிறதுன்னு மட்டும் யோசி," என்றாய்.

யோசித்ததும் நீதான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே தப்பாக வெட்டினாய். பார்வைக்குக் கச்சிதமான கோட்டு. அக்குளில் மட்டும் பிடிக்கும். போட்டால் கை மேலே போகாது. தையலை இரட்டையாக ஓட்டினாய். விருந்துக்கு முந்தின நாள்தான் டிரைவரிடம் கொடுத்தாய், வேறு கடைக்குப் போக அவகாசம் இல்லாதபடி.

அன்று மதியம், உன் முதலாளி சாப்பிடப் போய், கடைத்தெருவே அடைத்துக் கிடந்த நேரத்தில், அவன் வந்தான். டிரைவர் காரிலேயே இருந்தான். நான் துணி பார்க்கும் வாடிக்கையாளனாக வாசலருகே நின்றேன்.

"அரே மதராஸி, கத்தரி பிடிக்கத் தெரியுமா, புல்லு வெட்டத்தான் தெரியுமா?" என்று இந்தியில் கத்தினான்.

"மாஃப் கரோ சாப். ஒருதடவ போட்டுக் காட்டுங்க, இப்பவே பிரிச்சுத் தர்றேன்," என்றாய் உன் மதுரை இந்தியில்.

அவன் தன் கோட்டைக் கழற்றினான். பையில் ஏதோ கனமாகத் தொங்கியது. நீ அதைப் பவ்யமாக வாங்கி எட்டாத தூரத்தில் மாட்டினாய். புதியதைப் போட்டுவிட்டு எல்லாப் பொத்தானையும் பூட்டினாய். என்னைப் பார்த்தாய். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து வங்காளி, "மேஜர் சாப்" என்றார். அவன் உடம்பு தானாக விறைத்து நின்றது. அடுத்த நொடி புரிந்துகொண்டு கையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. வங்காளியின் ஆட்கள் இரண்டு பேர் பிடித்தார்கள். அவன் முறுக்கிய முறுக்கில் உன் தையல் ஒரு இழைகூட விடவில்லை. பின்வாசலில் ஐஸ் வண்டி, துறையில் ஒரு லாஞ்ச் படகு, அவ்வளவுதான், ஆள் கடல் கடந்தான். டிரைவர் முன்வாசலில் அரைமணி நேரம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். சேட் கோபித்துக்கொண்டு பின்வாசல் வழியே போய்விட்டார் என்று அவனிடம் சொன்னாய்.

"கோட்டுல குத்துன குண்டூசி நாலும் அதோட போச்சு மாப்ளே," என்றாய். உனக்கு ஒரே சிரிப்பு.

கடன்காரர்களுக்குப் பயந்து சேட் ஓடிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. கெட்டுப்போன கோட்டின் கதையை மட்டும் டிரைவர் தெருவெல்லாம் பரப்பினான். முதலாளி உன்னிடமிருந்து கத்தரியைப் பிடுங்கி, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க உட்காரவைத்தார். வாயைத் திறந்தால் நம் இருவர் தலையும் போகும். நீ திறக்கவில்லை.

தீர்ப்பு வந்த செய்தியை ரூமில் ரேடியோவில் கேட்டோம். அந்தப் பெண் அவனுக்கு நேராக நின்று ஒருநாள் முழுக்கச் சாட்சி சொன்னாளாம். ஆயுள் தண்டனை. நீ கட்டிலில் ஏறிக் குதித்தாய். "நம்ம கோட்டுடா! நம்ம கோட்டு!" அடுத்த ரூம்காரன் சுவரைத் தட்டினான். பத்திரிகைகள் அதிகாரிகளைப் புகழ்ந்தன. தையற்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையும் நான் மன்னிக்கவில்லை. "பேரு வந்தா வேல போயிரும்டா" என்று சொல்லி நீ காஜா எடுக்கப் போனாய்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. என்னை மிதித்து ஏறியவர்கள் இப்போதும் மேலேதான் இருக்கிறார்கள். அலுவலகத்தில் எவனாவது இளக்காரமாகப் பேசினால், வலது கையை மேசைக்கடியில் மெல்ல மூடிக்கொள்வேன். அந்த இரும்புத் தாழ்ப்பாளின் கனம் அதில் அப்படியே இருக்கிறது. அது விழுந்த சத்தத்தில் ஒரு கொலைகாரன் திரும்பிப் பார்த்தான், போக வழியில்லை. அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் நீ, கதவை அடைத்தவன் நான். நாம் ஜெயித்தோம்டா.