பேய் சார் வரமாட்டார்

இன்று மத்தியானம் லேபுக்குக் கூரியர் வந்தது. பிரித்தால் நம் புத்தகம். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. தாளைப் புரட்டியதும் அது மூக்கில் ஏறியது, கூடவே உன்மேல் இருக்கும் கோபமும் ஏறியது. அட்டையில் உன் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார்.

நான் அழுதுகொண்டே இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சண்டை போடத்தான் எழுதுகிறேன். நம் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் நீ.

உன்னை நான் முதலில் பார்த்தது தில்லை நகரில் இருக்கும் இதே லேபில்தான். உன் அம்மாவுக்கு ஈசிஜி எடுக்க அழைத்து வந்திருந்தாய். எடுத்து முடித்து வெளியே வந்தால், நீ மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாய். ஜன்னலோரம் ஒரு பெண், எதிரே முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஓர் ஆண். பேய் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அதன் வாயில் நீ போட்டிருந்த வசனம்! “நங்கையே, உன் தனிமை என்னை வதைக்கிறது.” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாடகை வீட்டில் குடியிருக்கும் பேய் இப்படியெல்லாம் பேசாது என்றேன். பின்னே எப்படிப் பேசும் என்று கேட்டாய். “மோட்டார் ஓடிட்டே இருக்குங்க, நிறுத்திட்டு வந்து படுங்க” என்று பேசும் என்றேன். நீ அங்கேயே பழையதை அழித்துவிட்டு அதை எழுதிக்கொண்டாய்.

ஜப்பான்காரர்கள் படக்கதையை மாங்கா என்று சொல்வார்கள். உன் அம்மாவுக்கு அது எப்போதும் மாங்காய்தான். “மாங்கா போடுறேன், மாங்கா போடுறேன்னு நாள் பூரா உக்காந்திருக்கான். ஊறுகாய் போட்டாலாவது சோத்துக்கு ஆகும்” என்று என்னிடம் முறையிட்டார். அன்றிலிருந்து படம் உன்னுடையது, வசனம் என்னுடையது.

‘மாடி போர்ஷன்’ அப்படித்தான் வளர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தனியாகக் குடிவரும் தாமரை. மருந்துக் கடையில் வேலை. அந்த வீட்டில் முன்பு குடியிருந்து செத்துப்போன ஒருவர் காலி செய்யாமலே தங்கியிருக்கிறார். அவரை அவள் பேய் சார் என்று கூப்பிடுவாள். அவர் யாரையும் பயமுறுத்தமாட்டார். பால் பொங்கினால் அடுப்பை அணைப்பார். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவார். காபி குடிக்க முடியாது, வாசனை மட்டும் பிடிப்பார். அதற்காகவே தாமரை சாயங்காலம் இன்னொரு டம்ளரில் காபி ஊற்றி ஜன்னலில் வைப்பாள். அவ்வளவுதான் கதை. வாராவாரம் இணையத்தில் ஒரு அத்தியாயம். அதைப் படிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் காத்திருந்தார்கள்.

வைகுண்ட ஏகாதசி அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாமரை வரிசையில் நெரிபட்டுக்கொண்டு நிற்பாள். பேய் சார் கூட்டத்துக்குள் புகுந்து நேராகப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பி வந்து, “இன்னும் இங்கேயே நிக்கிறீங்களா?” என்பார். அதை நாம் அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து எழுதினோம். நீ சிரித்த சிரிப்பில், பக்கத்தில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

சாவை நீ அப்படித்தான் வைத்திருந்தாய். அடுத்த அறைக்குப் போவது மாதிரி. கொஞ்சம் குளிரும், கால் தெரியாது, மற்றபடி ஒன்றும் மாறாது.

ஒரு தடவை காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, “எங்க வீட்டுல பேசணும். உங்க வீட்டுலயும் பேசணும்” என்றாய். எதைப்பற்றி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எப்போது என்று மட்டும் கேட்டேன். “கதை முடியட்டும்” என்றாய். உனக்கு எல்லாமே கதை முடிந்த பிறகுதான்.

கடைசி அத்தியாயத்தில்தான் நாம் முட்டிக்கொண்டோம். பக்கங்கள் முழுவதையும் டேப்லெட்டில் பென்சில் கோடுகளாகப் போட்டு, ஹோட்டலுக்குக் கொண்டுவந்து காட்டினாய். தாமரை வேலை முடிந்து பையோடு வாசலில் நிற்கிறாள். காபி குடிக்கிறாள். படுத்துக் கண்ணை மூடுகிறாள். கடைசிப் பக்கத்தில் வெளிச்சத்துக்கு நடுவே இரண்டு கைகள் கோத்திருக்கின்றன. அவள் தூக்கத்திலேயே செத்துப்போய் அவரிடம் சேர்ந்துவிட்டாள்.

இதற்கு நான் வசனம் எழுதமாட்டேன் என்றேன்.

“இதுல என்ன சோகம் இருக்கு? ரெண்டு பேரும் சேர்ந்துடுறாங்க. இதைவிட நல்ல முடிவு உண்டா?” என்றாய்.

“அவ ஏன் சாகணும்? அவளுக்கு வேலை இருக்கு. ஊர்ல அம்மா இருக்காங்க. சாவை என்னமோ பரிசு மாதிரி கொடுக்குற” என்றேன்.

ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பேசினோம். அப்போதுதான் நீ இடது தோளைப் பிடித்து விட்டுக்கொண்டாய். என்ன என்று கேட்டேன். வாயு என்றாய். இரண்டு நாளாக இருக்கிறது, சோடா குடித்தால் சரியாகிவிடுகிறது என்றாய். இப்போதே லேபுக்கு வா, திறந்துதான் இருக்கிறது, நானே எடுக்கிறேன் என்றேன். கெஞ்சவே செய்தேன். “சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள இந்த அத்தியாயத்தை முடிச்சிடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாய்.

வியாழக்கிழமை காலையில், துவாக்குடியில் நீ வேலை பார்த்த கம்பெனியில், நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஈசிஜி எடுக்கிறேன் தெரியுமா? பெயர் தெரியாதவர்கள், ஊர் தெரியாதவர்கள், என்னைத் திட்டுகிறவர்கள், எல்லோரும் வந்து படுக்கிறார்கள். என் கட்டிலில் நீ ஒரு பத்து நிமிஷம் படுத்திருந்தால் போதும். உனக்கு அதற்கு நேரமில்லை. தாமரையைச் சாகடிக்க நேரம் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் ஆபீஸ் ஆட்களோடு சேர்ந்து சுவரோரம் நின்றேன். யாரோ ஓர் உறவுக்கார அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ யாரும்மா?” என்று கேட்டார். நான் யார்? நீ வீட்டில் பேசியிருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். “கதைக்கு வசனம் எழுதுறேங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துபோனார். அந்தக் கேள்விக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு நான் ஒன்று செய்தேன், கேள். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் இரண்டு டம்ளர் காபி போட்டேன். ஒன்றை ஜன்னலில் வைத்தேன். என் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை படிந்தது. டம்ளர் விளிம்பில் எறும்பு ஊர்ந்தது. மழை வந்தபோது ஜன்னலைச் சாத்தாமல் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன். சாரல் அடித்துப் பாய் நனைந்தது. நான்தான் எழுந்துபோய்ச் சாத்தினேன். நீ வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. அத்தனை பேருக்கு அத்தனை ஆசை காட்டியவன், எனக்காக ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

ஆறுதல் சொல்கிறேன் என்று வாசகர்கள் எழுதினார்கள். அவர் இப்போது உங்கள் வீட்டு மாடி போர்ஷனில் இருப்பார் என்றார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் உப்பிலியபுரத்திலிருந்து ஒரு போன் வந்தது. விவசாயம் பார்க்கிறவர், வயதானவர். எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்திருந்தார். “அந்தப் பேய்க் கதை எழுதுறது நீங்கதானுங்களா?” என்று கேட்டார். குரலில் மரியாதை இருந்தது, அடியில் ஆத்திரமும் இருந்தது. அவர் மகள் கோமதிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லையாம். புருஷன் மழையில் வண்டியில் போய் விபத்தில் இறந்துவிட்டான். அவள் ஸ்கூல் டீச்சர், வேலையை விட்டுவிட்டாள். வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. பொழுது சாய்ந்தால் காபி போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறாள். “நான் சொல்லி கேக்கலைங்க. நீங்க எழுதுனதுதானே, நீங்களே வந்து சொல்லுங்க” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். துறையூரில் இறங்கி பஸ் மாறி, பச்சைமலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீ கிளப்பிவிட்டுப் போன பேயை ஓட்ட நான் போய்க்கொண்டிருந்தேன்.

கோமதி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. ஜன்னலில் காபி தயாராக இருந்தது. கதையின் ஒவ்வொரு காட்சியையும் ஒப்பித்தாள். நான் எழுதிய வசனங்கள் எனக்கு மறந்துபோயிருந்தன, அவளுக்கு மறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “கடைசில தாமரை அவர்கிட்ட போயிடுவாதானே அக்கா?”

நீ போட்ட அந்தக் கடைசிப் பக்கத்தை இவளுக்கு யாரும் காட்டவில்லை. காட்டாமலே இவள் அங்கே போய் நின்றிருந்தாள்.

“போக மாட்டா” என்றேன்.

“ஏன் அக்கா?”

“பேய் சார் பொய் கோமதி. அதை வரைஞ்சவன் செத்துட்டான். எனக்கு அவன் யாருன்னு இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது. நானும் காபி வச்சுப் பார்த்துட்டேன். வரமாட்டாங்க.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “ஒரு நாள்கூட வரலையா?” என்றாள். ஒரு நாள்கூட இல்லை என்றேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “மழை விடட்டும், அப்புறம் போங்கன்னு சொன்னேன் அக்கா. வண்டிச் சாவியை ஒளிச்சுக்கூட வச்சேன். தேடி எடுத்துக்கிட்டுப் போனாரு” என்றாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. புருஷன் செத்ததிலிருந்து யாரும் அவளைத் திட்டவிடவில்லை. இறந்தவரைத் திட்டக்கூடாது என்று வாயை அடைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து உங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தோம். அவள் அப்பா வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நடுவில் தொண்டை வறண்டதோ என்னமோ, கோமதி எழுந்துபோய் ஜன்னலில் ஆறிக்கிடந்த காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் அவள் அப்பா அவளைத் தில்லை நகருக்கு அழைத்து வந்தார். மனநல டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். மருந்தும் பேச்சுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினாள்.

அந்தச் சமயத்தில்தான் புத்தகமாகப் போடுகிறோம் என்று பதிப்பகத்திலிருந்து வந்தார்கள். உன் வீட்டில் உட்கார்ந்து பேசியபோது, உன் அண்ணன் உன் கடைசிப் பக்கங்களை அப்படியே கொடுக்கப் பார்த்தார். “அவன் ஆசைப்பட்ட முடிவுங்க இது. மாத்த நமக்கு என்ன உரிமை இருக்கு?” என்றார். நல்ல மனிதர்தான், தம்பியின் கடைசிக் கோடுகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படியானால் என் வசனம் ஒன்றுகூட இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் கறுத்தது. உப்பிலியபுரத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் அவர் அசையவில்லை.

உள்ளேயிருந்து உன் அம்மா வந்து டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். உன் கதையை அவர் முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான். கண்ணை மூடிப் படுத்திருந்த தாமரையைத் தொட்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். செத்துப்போகிறாள் என்று உன் அண்ணன் சொன்னார்.

“எதுக்குடா சாகணும்? இந்த வீட்டுக்கு ஒரு சாவு போதாதா?” என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “நீ எப்படி எழுதணுமோ எழுதும்மா. உன்கிட்டதான் அவன் எல்லாம் பேசுவான்” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

உன் கோடு ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. பக்கங்களைத் தலைகீழாக அடுக்கினேன், அவ்வளவுதான். முதலில் கோத்த கைகள். அடுத்து தாமரை தூங்குகிறாள். அடுத்து எழுந்து காபி குடிக்கிறாள், ஒரே டம்ளர். கடைசியில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நீ அவள் வீடு திரும்புவதாக வரைந்த படம், என் புத்தகத்தில் வேலைக்குக் கிளம்பும் படம். அவள் பேசும் கடைசி வசனம் இது: “எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு சார். நீங்க கிளம்புங்க.”

உனக்குப் பிடிக்காது. தெரியும். பிடிக்கவில்லை என்றால் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

புத்தகம் வந்துவிட்டது என்று கோமதிக்குப் போன் செய்தேன். அவள் மறுபடி ஸ்கூலுக்குப் போகிறாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், பின்னால் பிள்ளைகள் இரைச்சல். கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். “உங்களுக்குக் கோபம் போயிடுச்சா அக்கா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“எனக்கும் போகலை. ஆனா இப்பல்லாம் பசிக்குது அக்கா” என்றாள்.

எனக்கும் பசிக்கிறது. நன்றாகவே பசிக்கிறது. இன்று மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அம்மா கத்திரிக்காய் வதக்கி வைத்திருந்தார், கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டேன். நீ எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம் ஒன்றைத்தான். இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். ஆறிப்போகவும் விடமாட்டேன். உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் இவ்வளவு கோபம் வரும்.