ஜோடி வராதவர்கள் கையைத் தூக்கவும்

அன்புள்ள பெரியவளே,

நானும் உன் தங்கை வாலுவும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதப் போனால், "முதல்ல அக்காவைக் கையக் கட்டி உக்காரச் சொல்லுங்க" என்று அவள் உத்தரவு. கட்டிக்கொண்டாயா? சரி. நர்சிங் படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன், வாலுவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நாலு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், வா என்றும் எழுத வரவில்லை, வராதே என்றும் எழுத வரவில்லை. உங்கம்மா போன இந்தப் பத்து மாதமும் நான் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்தான், உள்ளே விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், மேலேயும் போகாது கீழேயும் போகாது. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கே இந்தக் கதி.

ஒன்றாம் வகுப்பில் வாலு என்னதான் கற்றுக்கொண்டாள் என்று கேட்டாயே. எழுத்தும் எண்ணும் கிடக்கட்டும். பென்சில் சீவக் கற்றுக்கொண்டாள், இப்போது வீட்டில் சுண்டுவிரலை விட நீளமான பென்சில் கிடையாது. தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டுமாம், நேற்று நான் குளிக்கப் போனால் "கேட்டுட்டுப் போனீங்களா?" என்று கதவை மறிக்கிறாள். தலை பின்னுவது என் இலாகா. ரெண்டு சடையும் ஒரே உயரத்தில் வராமல் ஒருநாள் சுவருக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையே எடுத்து வைத்துப் பார்த்தேன், "நான் என்ன செவுரா?" என்று ஓடிவிட்டாள். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் ஜோடிப் பாடம். வகுப்பை விட்டு வெளியே போனால் ரெண்டு ரெண்டு பேராகக் கை கோத்துத்தான் போக வேண்டும். ஜோடி வராத பிள்ளை கையைத் தூக்கிச் சொன்னால், முன்னால் நிற்கிற ஜோடியோடு மூன்றாவதாகச் சேர்த்துவிடுவார் டீச்சர். தனியாக நடக்கவும் கூடாது, நின்ற இடத்தில் நின்று அழவும் கூடாது. வாலுவின் ஜோடி தையல்கடைக்காரர் மகள், வாலு வைத்த பெயர் மூக்குறிஞ்சி.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு பிள்ளையின் அப்பா அம்மாவுக்கும் ரெண்டு குட்டி நாற்காலி. முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தேன், பக்கத்து நாற்காலி காலி. யாரோ ஒருத்தர் "இது சும்மாதானே இருக்கு?" என்று எடுக்க வந்தார். நான் அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்க, நான் இழுக்க, பின்னாலிருந்து வாலு "ஐயோ அப்பா, ஜோடி வரலன்னா கையத் தூக்கணும், நாற்காலிய இழுக்கக் கூடாது" என்று கத்தினாள். நான் அசையவில்லை என்றதும் அவளே கையைத் தூக்கி, "மிஸ், எங்கப்பாவோட ஜோடி வரல, இனிமேயும் வராது" என்றாள். டீச்சர் கொஞ்சமும் தடுமாறாமல், "அப்போ முன்னாடி ஜோடியோட சேர்ந்துக்கட்டும்" என்றார். முன்னால் தையல்கடைக்காரரும் அவர் மனைவியும். கழுத்தில் அளவு டேப் தொங்க மனுஷர் திரும்பிக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன், மகளே. ஊசி குத்திக் காய்த்துப்போன விரல். அத்தனை பேருக்கு நடுவில், பத்து மாதத்து அழுகையையும் அழுது தீர்த்தேன். அவர் மனைவி கைக்குட்டையைக் கொடுத்து, "மூக்கத் தொடைங்கண்ணே, எங்களுக்கு ஒரு மூக்குறிஞ்சி போதும்" என்றார், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்துவிட்டது.

இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் வாலு அவர்கள் கடைக்குப் போய்விடுகிறாள், ஆறு மணிக்கு நான் அழைத்து வருகிறேன். பதிலுக்கு அவர்களுடைய தையல் மெஷின் மோட்டாரெல்லாம் என் பொறுப்பு. அதனால் நீ வர வேண்டாம், படிப்பை விடாதே. இன்னொன்று, விடுதி அறையில் உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கம்மா போனதில் ஜோடி இல்லாமல் நின்றது நான் மட்டுமா, நீயும்தானே. வாயை மூடிக்கொண்டு உட்காராதே, கையைத் தூக்கு. யாராவது சேர்த்துக்கொள்வார்கள்.

நோய் நொடி அண்டாமல், எடுத்த படிப்பு முடிந்து, நீ நிமிர்ந்து நிற்க வேண்டும். விடுமுறைக்கு வரும்போது மறக்காமல் பென்சில் வாங்கி வா, நல்ல நீளமாக.

மூன்றாவதாக நடந்து வரும்,
உன் அப்பா