தட்டில் மொண்ட ஆயில்

மார்ச் 4, செவ்வாய்

பால், சோப்பு, மின்கட்டணம் எழுதியாயிற்று. இனி வயிற்றெரிச்சல். எங்கள் லாரியின் எஞ்சின் ஆயிலைச் சோதித்த முடிவு வந்தது: ஆயிலில் மண்தூசி ஏராளமாம். இவர், லாரி ஓட்டும் என் தம்பியிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "தூசிய வடிகட்டுற ஏர் ஃபில்டர் இல்லாம ஓட்டிருக்கே." "சத்தியமா இல்ல மாமா." அந்த லாரியைப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்தவன்.

மார்ச் 5

சோதித்தது யார்? ஆயில் விற்கிற கடைக்காரரின் லேப். இலவசம். "தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்குறியா?" என்கிறார் இவர். மாடு முட்டியது என் தம்பியை அல்லவா?

கும்பிட உட்கார்ந்தேன். வாயில் வசவுதான் வந்தது. எழுந்துவிட்டேன்.

மார்ச் 7

வேறு லேப் தேடிப் போன் செய்தேன். ஓரிடத்தில் விலையை மட்டும் சொன்னார்கள். இன்னோரிடத்தில், "வீட்ல ஆம்பளைங்ககிட்ட குடுங்கம்மா." வைத்துவிட்டேன்.

அடுத்த இடத்தில் ஒரு பெண். கேள்விமேல் கேள்வி. ஆயில் மாற்றி எவ்வளவு தூரம் ஓடியது? நடுவில் மேற்கொண்டு ஊற்றினீர்களா? ஒப்பிட்டுப் பார்க்கப் புது ஆயிலும் கொஞ்சம் அனுப்புவீர்களா? கடைசியில், "போன தடவ சோதனைக்கு ஆயில எப்படிம்மா எடுத்தாங்க?"

இவரைக் கேட்டேன். "கொஞ்சம் வடியவிட்டு, கீழ வச்ச தட்டுலேருந்து மொண்டேன். ஏன்?"

எந்தத் தட்டு? கொட்டகையில் திறந்து கிடக்கிறதே, பூனை படுத்துப் புரளுமே, அதுவா? அட கடவுளே. தெருமண்ணையும் சேர்த்து மொண்டு குடுத்துட்டு, பழிய அவன் தலையில—

இந்த லேப்தான். கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பார்க்கவும் தெரியும். நல்லவேளை, அதே ஆயில்தான் இன்னும் எஞ்சினில் இருக்கிறது.

மார்ச் 10

எஞ்சினைச் சூடாக்கி, ஆயில் அளவு பார்க்கும் துளை வழியே குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தோம். லேப் அனுப்பிய புட்டியை நானே பிடித்தேன். "வாங்க விஞ்ஞானி, மூடி போடுங்க," என்றார். போட்டேன். அவர் வாய்க்கும் ஒன்று இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

மார்ச் 18

முடிவு வந்தது. மண்தூசி சொற்பம். தேய்மானம் ஓடின தூரத்துக்கு ஏற்ற அளவுதான். இவர் இரண்டு முறை படித்தார்.

"சரி, மச்சான வரச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்ப் பேசினார்.

மார்ச் 20

தம்பி வந்தான். வாசலிலேயே நின்று சாவியை வாங்கிக்கொண்டான். "உள்ள வாடா, சாப்பிட்டுப் போ."

"லோடு இருக்குக்கா."

கொட்டகையில் அந்தத் தட்டை இவர் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். பூனை சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டது.