ஒரே மக்கு

மேரி,

கெசியாவுக்கு இருமல் நிற்கவில்லை. ஆட்டோ வந்ததும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன். நேரே அங்கே வா.

கெஸ்ட் ஹவுஸ் பக்கம் போகாதே. அங்கே புது சுடுதண்ணிக் குளியல் தொட்டியில் போர் தண்ணியின் காரம் குறைய ஆசிட் விடப் போனேன். குளோரின் பவுடர் அள்ளிய அதே மக்கில் ஊற்றிவிட்டேன். பிள்ளை பக்கத்திலேயே நின்றாள். குப்பென்று மஞ்சள் புகை. கதவைப் பூட்டிவிட்டேன். யாரையும் விடாதே என்று வாட்ச்மேனிடமும் சொல்லியாயிற்று.

“ரெண்டுக்கும் ஒரே மக்கு வேணாங்க”ன்னு நேற்றுதான் சொன்னாய். “பிளேட்டிங் ஷாப்புல பன்னெண்டு வருசம் ஆசிட்டுல நின்னவனுக்கே சொல்றியா?”ன்னு கத்தினேன்.

அவள் ஸ்வெட்டரை எடுத்து வா.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவள் முன்னால் மட்டும் வேண்டாம். மக்கை எடுத்துக் கொடுத்தது தான்தானே என்று இருமலுக்கு நடுவே அழுகிறாள்.

பாக்கியராஜ்